நாகல் நகர் மோட்டார் திருப்பணி

"வலது மட்கார்டுல எங்கப்பா பேரு வரலைன்னா, நான் குடுத்த தகரத்தைக் கழத்திட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்" என்றார் புகையிலைக் கடை இருளப்பன்.

"தாராளமாக் கழத்துங்கண்ணே. அதைப் பிடிச்சிக்கிட்டிருக்கிற ஆணி அம்புட்டும் நான் குடுத்தது. அதை நான் பிடுங்கிட்டுப் போறேன்" என்றார் போட்டோ ஸ்டுடியோ பொன்னழகு.

"அப்ப மிச்சம் என்னய்யா நிக்கும்?"

"உங்க கௌரவம் நிக்கும். மாப்பிள்ளைய அதுல ஏத்தி ஊர்வலம் விடுவோம்."

"ஏலே, இடது பக்கம் போதும்னு நேத்து வரைக்கும் சொன்னவன்தானே நீ?"

"நேத்து வரைக்கும் வலது பக்கம் பட்டி பூசலையே. இன்னைக்கில்ல பாக்குற மாதிரி இருக்கு."

கொட்டகைக்கு வெளியே எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த ஜக்கம்மாள், உள்ளே நடப்பது எதுவும் தன் காதில் விழவில்லை என்ற முகத்தோடு, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் கூடிச் செய்கிற காரியங்களில் தலையாயது எது என்று கேட்டால் சிலர் அணைக்கட்டு என்பார்கள். அவர்கள் அணைக்கட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள், நாகல் நகரைப் பார்த்ததில்லை. 1961-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், தேசம் முழுவதும் மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மூழ்கியிருந்த வேளையில், திண்டுக்கல் நாகல் நகரின் ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் முப்பது வயதான சீமைக் கார் ஒன்றின் உடம்பு, பெரியவர்களின் ஒத்துழைப்பால் அங்குலம் அங்குலமாக உயிர்த்தெழுந்துகொண்டிருந்தது. இந்த மகத்தான பணிக்கு இடைஞ்சலாக இருந்தவை இரண்டே. ஒன்று, கொட்டகையின் பழைய குடித்தனக்காரியான வெள்ளச்சி என்கிற எருமை. மற்றொன்று, ஜக்கம்மாளின் மகள் செல்லக்கிளியின் கல்யாணம்.

ஜக்கம்மாளின் கணவர் ஆவுடையப்பன், சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ரிக்கார்டு கிளார்க்காக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, 1958-இல் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வாரமே, நொடித்துப்போன ஒரு ஜமீன் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். மற்றவர்கள் அண்டா எடுத்தார்கள், கட்டில் எடுத்தார்கள். ஆவுடையப்பன் கார் எடுத்தார். கார் இரண்டு மாட்டு வண்டிகளில் வந்து சேர்ந்தது. முதல் வண்டியில் காரின் பெரும்பகுதியும், இரண்டாவதில் வழியில் உதிர்ந்த பகுதியும் வந்தன.

துருப்பிடித்த உடம்பு அது. கதவைத் தொட்டால் கதவு கையோடு வந்தது. மரச்சட்டங்களைக் கரையான் தின்று முடித்து, அடுத்து என்ன என்று காத்திருந்தது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எஞ்சினை ஜமீன் வாரிசுகள் என்றைக்கோ கழற்றி, வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க மாட்டிவிட்டார்களாம்.

"எஞ்சின் இல்லாத கார எதுக்குங்க வாங்குனீக?" என்று ஜக்கம்மாள் கேட்டாள்.

"திட்டம்னா கட்டம் கட்டமாத்தான் நடக்கும். முதல் திட்டத்துல உடம்பு. ரெண்டாம் திட்டத்துல எஞ்சின்" என்றார் ஆவுடையப்பன்.

இவ்விதம் பணி துவங்கியது. கொட்டகை அன்றே 'கராஜ்' ஆயிற்று. வாசலில் சுண்ணாம்பால் அப்படி எழுதியும் விட்டார். அந்தக் கொட்டகை ஜக்கம்மாளின் அப்பா சீராகக் கட்டிக் கொடுத்தது. அங்கே நின்ற வெள்ளச்சியின் பால்தான் தெருவில் பதினொரு வீட்டுக் காப்பி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, மற்றபடி இருட்டுக்கே நிழல் கொடுக்கும் கறுப்பு. அதை அவிழ்த்து, அடுத்த வீட்டு நர்ஸ் செபாஸ்தியம்மாளின் சுவரோரம் 'தாற்காலிகமாக'க் கட்டினார்கள். தாற்காலிகம் என்ற சொல்லை முப்பத்தோரு வருஷம் எழுதிப் பழகிய கை அது. எனவே மூன்று மழைக்காலம் வெள்ளச்சி அங்கேயே நனைந்தது.

"ஏ ஜக்கு, உன் எருமைக்கும் ஒரு பென்ஷன் வாங்கிக் குடுக்கச் சொல்லுடி உன் வீட்டுக்காரர. இடம் பறிபோனவளுக்குச் சர்க்கார்ல ஏதோ தர்றாகளாம்" என்பாள் செபாஸ்தியம்மாள்.

"போக்கா. பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னா அது பேப்பரத் தின்னுரும்" என்பாள் ஜக்கம்மாள்.

அது வரைக்கும் ஒரு குடும்பம், ஒரு கார், ஒரு எருமை என்ற அளவில் நின்ற விஷயத்தைத் தேசிய முக்கியத்துவத்துக்கு உயர்த்தியது செல்லக்கிளியின் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை ஒட்டன்சத்திரத்துக்காரன். பெயர் நல்லுசாமி. அப்பா முத்துச்சாமிக்குக் காய்கறி மண்டி. 1959 ஆவணியில் நிச்சயம். வழக்கமாக நாலு வரியில் முடிகிற நிச்சய ஓலையை ஆவுடையப்பன் பதினான்கு ஷரத்துக்களோடு, மூன்று பிரதிகளில் தாமே எழுதினார். அதில் ஒன்பதாவது ஷரத்து: 'மேற்படி மாப்பிள்ளை அழைப்பானது பெண் வீட்டாருக்குச் சொந்தமான மோட்டாரில் நடத்தப்பட வேண்டியது.' யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காததை எழுதுவதில்தான் ஒரு கிளார்க்கின் மேதைமை தெரியும்.

முத்துச்சாமி அதை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார். "எழுதினது எழுதினபடி நடக்கோணுமுங்க சம்பந்தி. நானு மண்டிக்காரன். சொன்ன சொல்லுலதான் பொழப்பே ஓடுதுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கைக்கடக்கமாக மடித்து இடுப்பு மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு கல்யாணம் மூன்று தரம் தள்ளிப்போனது. முதல் தரம் கதவு பொருந்தவில்லை. இரண்டாம் தரம் பட்டி காயவில்லை. மூன்றாம் தரம் கமிட்டிக்கு ஆள் சேராமல் கோரம் இல்லை.

ஒவ்வொரு தரம் தள்ளிப்போனபோதும் நல்லுசாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாதம் ஒரு தரம் பஸ்ஸில் ஒரு கட்டு முருங்கைக்காய் அனுப்பினான். கட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் 'சுகமா' என்று மட்டும் இருக்கும். செல்லக்கிளி அந்தச் சீட்டுக்களை அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பதும், முருங்கைக்காயைத் தன் கையால் மட்டுமே நறுக்குவதும் ஜக்கம்மாளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் வேறு வெஞ்சனம் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும்.

இனி, கமிட்டி.

அந்நாளில் இரும்புத் தகரத்துக்குப் பெர்மிட் வேண்டும். ஆவுடையப்பன் விண்ணப்பித்தார். 'விவசாயத்துக்கா, தொழிலுக்கா' என்று பதில் வந்தது. 'மாப்பிள்ளை அழைப்புக்கு' என்று உண்மையை எழுதினார். அதன் பிறகு பதில் வரவில்லை. பூட்டுப் பட்டறை ஒச்சப்பன் தினம் மாலையில் வந்து மணல் மூட்டை மேல் தகரத்தை வைத்து மரச்சுத்தியால் தட்டி வளைக்கத் தயாராக இருந்தான். தட்டத்தான் தகரம் இல்லை.

ஆவுடையப்பன் ஆழ்ந்து யோசித்தார். இடிந்த கோயிலை ஊர் எப்படி எடுத்துக் கட்டுகிறது? உபயத்தால். கல் ஒருவர், கதவு ஒருவர், மணி ஒருவர். கொடுத்தவர் பெயரை அதிலேயே எழுதிவிடுவதால் யாருக்கும் மனக்குறை இல்லை. அப்படியானால் இடிந்த காரை மட்டும் ஏன் தனியாள் எடுத்துக் கட்ட வேண்டும்? அன்று மாலையே 'மோட்டார் திருப்பணிக் கமிட்டி' கூடிற்று. தலைவர் ஆவுடையப்பன், காரியதரிசி ஆவுடையப்பன். மற்ற எல்லாரும் உபதலைவர்கள்.

அதன் பிறகு நாகல் நகரின் தர்ம சிந்தனை கரைபுரண்டது. இருளப்பன் தம் பழைய கிட்டங்கிக் கதவிலிருந்து நல்ல கனத் தகரம் தந்தார். சிறுமலையில் வாழைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பலாமரச் சட்டமும் தளப் பலகையும் அனுப்பினார். சின்னாளப்பட்டித் தறிக்காரர் மேல்மூடிக்கு அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடித் துணியே நெய்து சாயம் போட்டுத் தந்தார். மழை வந்தால் என்ன செய்வது என்று ஜக்கம்மாள் கேட்டதற்கு, "சாயம் கெட்டிம்மா" என்றார். பொன்னழகு ஆணியும் முன்கண்ணாடியும் தந்தார். ஸ்டுடியோவில் படத்துக்குப் போடுகிற கண்ணாடி அது.

கொடுத்தவர் பெயர் எழுதப்பட்டது. கோயிலில் டியூப் லைட் கொடுத்தவர் பெயரை வெளிச்சம் மறையும்படி எழுதுகிறோம் அல்லவா, அந்த நல்ல மரபு இங்கும் சிறிதும் வழுவாமல் காப்பாற்றப்பட்டது. முன்கண்ணாடியில் 'உபயம்: பொன்னழகு' என்று ஓரத்திலிருந்து ஓரம் வரை மஞ்சள் பெயிண்டில் எழுதினார்கள். நடுவில் வருகிற 'ழ'வின் வளைவுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் சாலை தெரியும். தளப் பலகையில் சிறுமலைக்காரர் தம் காலஞ்சென்ற தகப்பனார் பெயரை எழுதச் சொல்லியிருந்தார். பெரியவர் பெயரைக் காலால் மிதிக்கலாமா? மிதிக்கக் கூடாது. எனவே, காரில் ஏறுகிறவர்கள் கால்களைத் தரையில் ஊன்றாமல் அமர வேண்டும் என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

ஒரு நாள் ஒச்சப்பன் மட்கார்டுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜக்கம்மாள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் கையில் புண், காதில் பஞ்சு. மூன்று வருஷச் சத்தம் அவன் காதில் குடியேறியிருந்தது.

"ஏன் ஒச்சப்பா, இம்புட்டுப் பேரு இருக்கே. உம் பேரு எதுல இருக்கு?"

ஒச்சப்பன் மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "நான் குடுத்தது சுத்தியல் தட்டு மட்டுந்தானக்கா. சத்தத்துல எங்கிட்டுப் பேரெழுதுறது?"

இந்த நிலையில்தான் ஐப்பசியில் வலது மட்கார்டுத் தகராறு வெடித்தது. சபையில் வலப் பக்கம்தான் மரியாதை. இருளப்பன் தம் அப்பாவை இடப் பக்கம் உட்கார வைக்க மாட்டார். பொன்னழகோ, ஆணி இல்லாமல் எந்த அப்பாவும் எந்தப் பக்கமும் நிற்க முடியாது என்றார். உள்ளே குரல் ஏறிக்கொண்டே போனது. தவிட்டுக் கையோடு ஜக்கம்மாள் எழுந்து கராஜுக்குள் போய்விடுவதென்று தீர்மானித்த நேரத்தில், தெரு முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு முத்துச்சாமி வந்தார்.

அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். எல்லாப் பெயரையும் படித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இதுல எங்க பையனுக்கு எடம் இருக்குதுங்களா?"

"இன்னும் நாலு பேரு தாராளமா எழுதலாம் சம்பந்தி" என்றார் ஆவுடையப்பன்.

"நான் எழுதற எடத்தைக் கேக்கலீங்க" என்றார் முத்துச்சாமி. பிறகு நின்றபடியே பேசினார். "தை பன்னெண்டு கடைசி முகூர்த்தமுங்க. அதுக்கு மேல என்னால சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்ல முடியாதுங்க. பழனிப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குதுங்க. அவுங்க வீட்ல மோட்டாரும் இல்லை, கமிட்டியும் இல்லீங்க."

கொடுத்த காப்பியைக் குடித்தார். "பாலு நல்லாருக்குதுங்க" என்று ஜக்கம்மாளைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

அடுக்களையில் செல்லக்கிளி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிய துண்டையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜக்கம்மாள் அதைப் பார்த்தாள். அரிசி எடுக்கிற சாக்கில் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சீட்டுக்கள் அடியில் பத்திரமாக இருந்தன. இந்தத் தையும் போனால் இவள் இந்தச் சீட்டுக்களோடு இங்கேயே உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த மாதமே கமிட்டி அவசரமாகக் கூடியது. அதற்குள் உடம்பு முடிந்துவிட்டது. சிவப்பு பிரைமர் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்து, ஒச்சப்பன் பளபளவென்று தேய்த்துவிட்டான். மட்கார்டுச் சண்டையைக்கூட வலது மட்கார்டில் இரண்டு பெயரையும், இடது மட்கார்டில் இரண்டு பெயரையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பாக்கி எஞ்சின் ஒன்றுதான். ஜக்கம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமிட்டி முன்னால் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"எஞ்சின் உபயம் யாரு?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"எஞ்சினுல எங்கிட்டுப் பேரெழுதுறது?" என்றார் இருளப்பன்.

"மேல எழுதலாம்ணே. மூடியத் திறந்தாத் தெரியும்" என்றார் பொன்னழகு.

"மூடிய எவன் திறப்பான்?"

"கெட்டுப்போனாத் திறப்பாங்க."

"ஓஹோ. வண்டி நடுரோட்டுல கெட்டு நிக்கும்போதுதான் எங்கப்பா பேரைப் பாக்கணுமா? நல்லா இருக்குடா உன் யோசனை."

"அப்ப நான் மட்டும் என்ன, எண்ணெய்லயும் கரியிலயும் என் பேரை ஊற வைக்கவா?"

எஞ்சின் விஷயம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, பரிசீலனையிலேயே வைக்கப்பட்டது. தேநீருக்குப் பிறகு கூட்டம் கலைந்தது.

ஜக்கம்மாள் அன்று பிற்பகல் முழுவதும் வெள்ளச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே வந்து, கணவரின் டிரங்குப் பெட்டியிலிருந்து நிச்சய ஓலையின் மூன்றாம் பிரதியை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"ஒம்பதாவதப் படி தாயி."

செல்லக்கிளி படித்தாள்.

"ஓடுற மோட்டார்னு போட்டிருக்கா?"

"இல்லம்மா. சொந்த மோட்டார்னு மட்டுந்தான் இருக்கு."

"இன்னொருக்கப் படி."

படித்தாள். ஜக்கம்மாள் ஓலையை மடித்து உள்ளே வைத்தாள். முப்பத்தோரு வருஷம் எழுதிய கை ஒரு சொல்லை விட்டுவிட்டதற்காக அவள் கணவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெச்சினாள்.

தை பதினொன்று. பிற்பகல் நாலு மணி. தெரு முனைப் பிள்ளையார் கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே ஒச்சப்பனும் அவன் பட்டறை ஆட்களும் காரைத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முன்னால் தேர்வடம் மாதிரி கயிறு. கயிற்றின் மறுமுனையில், கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் கதம்ப மாலையோடு வெள்ளச்சி நின்றது.

ஆவுடையப்பன் முகம் சுருங்கிவிட்டது. "எருமையா? என் காரையா?"

"அது வீட்டுல மூணு வருசம் ஓசியில தங்கியிருக்கு உங்க காரு. ஒரு நாளு அது கூட்டிட்டுப் போறதுல என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் ஜக்கம்மாள்.

"ஊர் சிரிக்கும்."

"மூணு வருசமாச் சிரிச்சிக்கிட்டுதான் இருக்கு. நீங்க சுத்தியல் சத்தத்துல கவனிக்கல."

முத்துச்சாமி மடியிலிருந்து ஓலையை எடுத்து, ஒன்பதாவது ஷரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். காரைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். ஜக்கம்மாளையும் பார்த்தார். அவர் மீசை லேசாக ஆடிற்று. "சரியா இருக்குதுங்க. சொந்த மோட்டாருதானுங்க" என்று சொல்லி ஓலையை மடித்துக்கொண்டார்.

மாலையும் கழுத்துமாக நல்லுசாமி காரை நெருங்கியபோதுதான் எதிர்பாராத ஒரு பெருமை அந்தக் காருக்குக் கிடைத்தது. உபயதாரர்கள் அதற்குள் ஏறிவிட்டிருந்தார்கள். நாலு பேர் உட்காரும் காரில் ஏழு பேர். தம் தகரத்தை விட்டு இருளப்பன் இறங்க மாட்டார். தம் கண்ணாடியை விட்டுப் பொன்னழகு இறங்க மாட்டார். சின்னாளப்பட்டிக்காரர் சுங்குடி மூடியைக் கையால் தாங்கியபடி, அது நழுவாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். ஏழு பேரும் தளப் பலகைக்கு மரியாதை செய்து, பதினான்கு கால்களையும் மேலே தூக்கி வைத்திருந்தார்கள்.

"அத்தை, நான் நடந்தே வந்துறட்டுங்களா?" என்றான் நல்லுசாமி.

"நடந்தா ஒம்பதாவது ஷரத்து என்னாகுறதுங்க?" என்றார் முத்துச்சாமி, வேறு யாரிடமோ கேட்பதைப்போல.

"மூத்தவரு இறங்கட்டும், நான் இறங்குறேன்" என்றார் பொன்னழகு.

"இளையவன் இறங்குறதுதான் மரியாதை" என்றார் இருளப்பன்.

ஜக்கம்மாள் வெள்ளச்சியின் காதில் ஏதோ சொல்லிக் கயிற்றை இழுத்தாள். வெள்ளச்சி ஒரு எட்டு வைத்தது. பின்னால் திரும்பிப் பார்த்தது. ஏழு பேரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, தெருவின் நடுவில், கதம்ப மாலையோடு, அப்படியே படுத்துக்கொண்டது.

நாதஸ்வரக்காரர் வாசித்த மல்லாரியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கல்யாண வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செல்லக்கிளி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். ஊர்வலம் வீடு வந்து சேர வேண்டிய நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. தவறினால் மாப்பிள்ளை வீட்டுப் பெரிசுகள் சகுனம் பேசத் தொடங்குவார்கள். பழனிப் பக்கத்துப் பெண்ணின் சித்தப்பா ஒருவர், விசாரிக்க வந்த மாதிரி, கூட்டத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

ஜக்கம்மாள் உபயதாரர்களை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று வருஷம் வெளியே தவிடு கலக்கிக்கொண்டே அவர்களைக் கேட்டவள். அவர்கள் எந்தப் பக்கம் தட்டினால் எந்தப் பக்கம் வளைவார்கள் என்று ஒச்சப்பனுக்குத் தகரத்தைத் தெரிந்த அளவுக்கு அவளுக்குத் தெரியும்.

"செத்த நேரம் கேளுங்க அப்பு" என்றாள். "பந்தல்ல மைக் செட்டு கட்டியிருக்கு. இறங்கித் தள்ளுறவுக பேரை, அப்பா பேரோட, தாத்தா பேரோட, மைக்குல சொல்லச் சொல்லியிருக்கேன். முதல்ல தள்ளுறவுக பேரு முதல்ல."

அன்றுவரை ஒரு தீர்மானத்தைக்கூட ஒரு மணி நேரத்துக்குள் நிறைவேற்றாத கமிட்டி, கண் இமைக்கும் நேரத்தில் தெருவில் இருந்தது. இருளப்பன் வலது மட்கார்டில் கை வைத்தார். பொன்னழகும் வலது மட்கார்டில் கை வைத்தார். நல்லுசாமி ஏறி, தளத்தில் கால் படாமல் மடித்து உட்கார்ந்தான். பாரம் குறைந்ததைக் கயிற்றிலேயே உணர்ந்த வெள்ளச்சி, தானாக எழுந்து நடந்தது.

நாகல் நகர் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்கவில்லை. முன்னால் ஜக்கம்மாள், அப்புறம் எருமை, அப்புறம் சுங்குடி மூடியின் கீழ் மாப்பிள்ளை. பின்னால் திண்டுக்கல்லின் கண்ணியமான ஏழு பேர், வேட்டியை மடித்துக் கட்டி வியர்வை வழியத் தள்ளினார்கள். கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எஞ்சின் வைத்த கார்களுக்கு இந்த நிச்சயம் கிடையாது. நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. பழனிப் பக்கத்துச் சித்தப்பா பந்தியில் இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மைக்கில் பெயர்கள் வாசிக்க முக்கால் மணி ஆயிற்று. காலையில் காரைத் தள்ளிய ஒச்சப்பனின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. ஜக்கம்மாள் அவனை முதல் பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தாள்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் முத்துச்சாமி சம்பந்தியைத் தனியே அழைத்துப் போனார். "மோட்டாரு உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. எங்க ஊர்ல அதுக்கேத்த கமிட்டி இல்லீங்க. சீருன்னு ஏதாச்சும் குடுக்கோணும்னா அந்த எருமையக் குடுத்துருங்க."

செல்லக்கிளி ஒட்டன்சத்திரம் போனாள். வெள்ளச்சியும் போயிற்று. அங்கே அதற்கு ஓடு வேய்ந்த தனிக் கொட்டகை இருந்தது. அரிசிப் பானையிலிருந்து சீட்டுக்களும் போயின. சித்திரையில் வெள்ளச்சி கன்று போடுகிற நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஜக்கம்மாள் பத்து நாளைக்குக் கிளம்பினாள். அந்தப் பத்து நாள் 1965 வரைக்கும் முடியவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வந்து கணவருக்குச் சமைத்துப் போட்டுவிட்டுப் போவாள். ஒச்சப்பன் மதுரைக்குப் போய்ச் சொந்தமாகப் பட்டறை வைத்தான். வாசல் பலகையில் அவன் பெயர் ஒன்று மட்டும், ஆள் உயர எழுத்தில் இருக்கிறதாம். செபாஸ்தியம்மாளை வத்தலக்குண்டுக்கு மாற்றினார்கள். போகும்போது எருமை கட்டியிருந்த சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனாள்.

1965 பொங்கலுக்கு முதல் நாள் ஜக்கம்மாள் பஸ் இறங்கி, தூக்குவாளியோடு கராஜ் பக்கம் வந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஆவுடையப்பன் கால்களைத் தூக்கிவைத்துக் காரில் உட்கார்ந்திருந்தார். கையில் பால் இல்லாத கடுங்காப்பி. எதிரே இருளப்பன் நின்றிருந்தார்.

"ஒரு ஆழாக்குப் பாலு தினம் உபயமாக் குடுத்தீகன்னா போதும் இருளப்பண்ணே. வயசான காலத்துல இந்தக் கடுங்காப்பி நெஞ்சக் கரிக்குது."

இருளப்பன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"குடுக்கலாம் கிளார்க்கு. ஆனா நீரு குடிச்சிட்டீருன்னா, அப்புறம் பேரு?"

ஜக்கம்மாள் உள்ளே போய்த் தூக்குவாளியைத் திறந்து, கணவரின் டம்ளரில் பாலை ஊற்றினாள். வெள்ளச்சியின் பால். அவர் ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "துணிமணிய எடுத்து வைங்க, பொங்கல் முடிஞ்சு போவம்" என்றாள். ரிக்கார்டு கிளார்க் ஆவுடையப்பன் அதைப் பரிசீலனைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து காலைத் தரையில் ஊன்றி, சிறுமலைக்காரரின் தகப்பனார் பெயர் மேலேயே நடந்து இறங்கினார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இருவரும் ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினார்கள். கார் கொட்டகையிலேயே இருக்கிறது. நாகல் நகரின் ஈகைக் குணத்தை யாராவது சந்தேகித்தால் அந்தக் கொட்டகைக் கதவைப் போய்ப் பார்க்கலாம். ஒரு எஞ்சினுக்கு ஆள் அகப்படாத தெருவில், ஒரு ஆழாக்குப் பாலுக்கு ஆள் அகப்படாத தெருவில், கதவைச் சாத்தப் பூட்டு வேண்டும் என்று ஆவுடையப்பன் சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்று பேர் பூட்டு உபயம் செய்தார்கள். மூன்றும் கனமான திண்டுக்கல் பூட்டு. மூன்றும் கதவின் வெளிப்பக்கம் தொங்குகின்றன. மூன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. சாவிகளை மட்டும் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.